மண் தாங்கும் சூடு

புதுக்கவிதை பற்றிய பேச்சில் 'பாதிப்பு' என்பது பெரும்பாலும் வசைச்சொல்லாகவே புழங்கி வந்திருக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டால் விமர்சகன் வேலை முடிந்தது. குயவர்களின் சரித்திரத்தைச் சற்றுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று தெரியும்.

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்வு நடத்தினார். இத்தாலியில் வனைந்த அரிட்டைன் பாண்டச் சில்லுகள் கிடைத்தன. அவற்றின் காலம் தெரிந்ததே. அதை வைத்துக் கூடக் கிடைத்தவற்றுக்கும் காலம் கணித்தார். கூடக் கிடைத்தவற்றில் ஒன்று ரௌலட்டட் பாண்டம்: ஆழமில்லாத வட்டில், மிக நயமான மண், உள்ளே அடிப்புறத்தில் வட்டம் வட்டமாகப் பொடிக் குழிகள். இந்த அலங்காரம் மத்தியதரைக் கடல் நாடுகளுடையது என்றார் வீலர். நெடுங்காலம் அதுவே பாடமாக இருந்தது. 1997இல் விஷ்வாஸ் கோக்டே சில்லுகளின் மண்ணையே எக்ஸ்ரே சோதனைக்கு உட்படுத்தி, அது கங்கைக் கழிமுகத்து மண் என்று சொன்னார். குழியிடும் உத்தி யாருடையது என்ற விவாதம் தனி. வீலர் கோலத்தைப் பார்த்தார். கோக்டே மண்ணைப் பார்த்தார். நம் விமர்சனத்தில் வீலர்கள் அதிகம்.

அதே புதுச்சேரிக்கு வந்து 1971இல் ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். ஸ்மித் ஜப்பானில் தொழில் பயின்றவர். ஏறத்தாழ 1300 டிகிரியில் வேகும் கல் போன்ற பாண்டமும் அதன் மெருகும் அவர்கள் கொண்டுவந்தவை. இங்கே ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. பக்கத்துக் கிராமத்தில் வேளார் வனையும்போது ஜப்பான் எதற்கு?

பதில் சூளையில் இருக்கிறது. எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்து வண்டல் மண்ணில் இரும்புச் சத்து அதிகம். உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி உருவாக்கிய பானை, வைக்கோலிலும் வரட்டியிலும் 800 டிகிரி வாக்கில் வெந்து சிவக்கிறது. அது கசியும், கசிவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. அதையே 1300 டிகிரியில் வைத்தால் உப்பி, உருகி உட்கார்ந்துவிடும். ஜப்பானிய மெருகு வேண்டுமென்றால் அந்தச் சூட்டைத் தாங்கும் வேறு மண் வேண்டும். வடிவத்தைக் கடன் வாங்கலாம். சூட்டைக் கடன் வாங்க மண் சம்மதிக்க வேண்டும். கிராமத்துப் பானை தாழ்ந்ததும் இல்லை, கல்பாண்டம் உயர்ந்ததும் இல்லை. இரண்டுக்கும் நியாயம் வேறு.

மீக்கர் இதை உணர்ந்தவர் என்பதற்கு 1980களில் அவர் செய்த காரியமே சாட்சி. வீடு முழுவதையும் பச்சை மண்கல்லால் கட்டி, உள்ளே செங்கல்லும் சாமான்களும் அடுக்கி, வீட்டையே சூளையாக எரித்தார். வெந்த சாமான்களை விற்று விறகுச் செலவைச் சரிக்கட்டுவது திட்டம். யோசனை நாதர் கலீலி ஈரானில் செய்து பார்த்தது. ஆனால் எரிந்தது இந்த மண், இந்த மண் தாங்கும் சூட்டில். நம் ஊர்ச் செங்கல் சூளைக்கு இது வெகு தூரமில்லை. அந்த வீடுகள் பரவலான வழக்கமாகவில்லை. இருந்தாலும் ஈரானிலிருந்து வந்த ஒரு யோசனை இந்த மண்ணில் எதுவரை போகும் என்று அந்த மனிதர் எரித்துப் பார்த்தார்.

வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கடன் வாங்குவது குற்றமாகத் தோன்றுவதில்லை. வாங்கியதை எதில் போட்டான் என்பதுதான் கேள்வி. கவிதையிலும் இதையே கேட்டால் போதும். எலியட்டை எடுத்தானா என்று தேடுவதை விட்டு, எடுத்ததைத் தன் பாஷை தாங்கும் சூட்டில் வேக வைத்தானா என்று தட்டிப் பார்க்கலாம். சந்தையில் பானை வாங்கும் கிழவிகள் அப்படித்தான் செய்கிறார்கள். விரலால் ஒரு சுண்டு. வெந்ததா இல்லையா என்று சத்தம் சொல்லிவிடும்.