கணக்கெழுதியவன் கணக்கு

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிச் சத்திரத்தை அடுத்துள்ள ஊர் திருப்புட்குழி. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்பது அங்குள்ள விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம். சடாயுவின் வீரத்தைப் போற்றும் நாம், அவர் செய்த இன்னொரு பணியை அவ்வளவாகப் பேசுவதில்லை. நடந்ததைக் கேட்க வேண்டியவரிடம் சொல்லி முடிக்கும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்த சாட்சி அவர். கணக்கு, பதிவேடு, ஆவணம் என்று நாம் சொல்வனவெல்லாம் இத்தகைய சாட்சியங்களே. அவற்றைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் வரலாறு இம்மாவட்டத்துக் கல்லிலேயே கிடக்கிறது.

இன்று அத்தொழிலின் ஒரு வடிவத்துக்குத் தரவுத்தள நிர்வாகம் என்று பெயர். வங்கி இருப்பும் ரயில் முன்பதிவும் நிலப்பட்டாவும் தங்கியிருக்கும் கணினிக் கிடங்கைப் பராமரிப்பவர் தரவுத்தள நிர்வாகி. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என வரையறுப்பதும், பழுது நேர்ந்தால் நகலிலிருந்து மீட்பதும் அவர் பொறுப்பு. எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருப்பவரைப் பூட்டுவது யார் என்னும் கேள்வி இத்தொழிலுடன் கூடவே பிறந்தது.

உத்திரமேரூர்ச் சபை இக்கேள்வியைச் சந்தித்திருக்கிறது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், அது பொறித்துவைத்த தீர்மானங்களைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் கணக்கும் அச்சபையின் பெருங்கவலையாக இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. கணக்கரைப் பற்றியும் விதி உண்டு. நேர்வழியில் பொருளீட்டியவரே கணக்கெழுத வேண்டும். தம் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயவர் எனத் தெளிவுபெறும்வரை அவரை மீண்டும் அப்பணியில் அமர்த்தலாகாது. எழுதியவரே ஒப்படைக்க வேண்டும். அவர் கணக்கை முடிக்க வேறொருவர் புகலாகாது.

919இன் விதிகளை இரண்டே ஆண்டில் சபை திருத்தியது. அதற்காகப் பழைய தீர்மானத்தைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டையும் இன்றும் நாம் படிக்கலாம். திருத்தத்தையும் திருத்தப்பட்டதையும் சேர்த்தே வைப்பது பதிவுக் கலையின் முதற்பாடம்.

பத்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இவ்வூர்களில் அப்பணியைச் செய்துவந்தவர் கர்ணம். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் கையில் இருந்தன. பதவி பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கு தணிக்கையானாலும், எந்த வயல் எந்த எண்ணில் இருக்கிறது என்பதை அவர் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அந்த அறிவே அதிகாரமாக இறுகியது. 1980 நவம்பர் 14இல் எம்.ஜி.ஆர். அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. நேர்மையாக உழைத்தவர்களும் அதில் வேலையிழந்தார்கள். ஒரு தொழில் தன்னைத்தானே தணிக்கைக்கு உட்படுத்திக்கொள்ளத் தவறினால் நல்லவரும் அதற்கு விலை கொடுக்கிறார்.

கணினி உலகமும் தன் கர்ணங்களைக் கண்டது. தொடக்ககாலத் தரவுத்தளங்களில், வேண்டிய தகவலை அடைய அது இருக்கும் பாதையை நிரலர் அறிந்திருக்க வேண்டும். 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் அதை மாற்றும் கருத்தை வெளியிட்டார். தகவலை எளிய அட்டவணைகளாக வைத்தால், எது வேண்டும் என்று கேட்பது போதும். எங்கே இருக்கிறது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஜிம் கிரே அதன் மறுபாதியை வளர்த்தார். ஒருவர் கணக்கில் கழித்து மற்றவர் கணக்கில் கூட்டும்போது இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டும் நடக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு குறிப்பேட்டில் ஏற வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் அதைப் படித்தே தரவுத்தளம் நிலைக்கு வரும். இப்பணிகளுக்காக 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

இத்தொழிலில் வளர்ச்சி என்பது என்ன? முதல் ஆண்டுகளில் நகலெடுப்பதும் நள்ளிரவு அழைப்புக்கு எழுவதுமே வேலை. பிறகு, மணிக்கணக்கில் ஓடும் வினவலை நொடிகளில் முடிக்கும் நுட்பம் கைவருகிறது. நான் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது என்ற பெருமை தலைதூக்குவதும் அப்போதுதான். அங்கேயே நின்றுவிடுபவர் நவீனக் கர்ணம். அதைத் தாண்டுபவர் செய்முறைகளை எழுதிவைக்கிறார். நகலை மீட்டெடுத்துச் சோதிக்கிறார். தம் உரிமைகளைத் தாமே குறைத்துக்கொள்கிறார். தம் செயல்களின் குறிப்பேட்டைத் தம் கை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்கிறார். வழக்கமான வேலைகள் பலவற்றை இன்று மேகக் கணிமைச் சேவைகள் தாமாகவே செய்கின்றன. இந்த மனநிலையை அவை தருவதில்லை.

தமிழ்நாட்டின் நிலப்பதிவுகள் இப்போது 'தமிழ்நிலம்' மென்பொருளில் இருக்கின்றன. பட்டாவில் ஓர் எழுத்து பிழைபட்டால் ஓர் உழவர் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் திரையின் பின்னால் இருப்பவர் முகம் தெரியாது. உத்திரமேரூரில் அப்படி இல்லை. பெருமக்கள் பணிக்க இதை எழுதினேன் என்று மத்தியஸ்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரையும் கல்லில் சேர்த்திருக்கிறான்.