வாத்து சுடும் துப்பாக்கி



1990களில் தனுஷ்கோடியில் கரண்ட் கிடையாது. அங்கிருந்து ராமேசுவரம் வரும் பிள்ளைகள் டிவி கேம் இருக்கும் வீட்டு வாசலை விட்டு நகரமாட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் வந்தவை பெரும்பாலும் ஜப்பானின் நிண்டெண்டோ 1983-ல் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்கள். அசலை வடிவமைத்தவர் மசயுகி உயெமுரா.

2016-ல் நிண்டெண்டோவே அதைச் சின்னதாக மறுபடி செய்தது. 30 ஆட்டங்கள் உள்ளேயே உண்டு, கேசட் வேண்டாம். பழைய டிவியின் கோடுகள்கூடத் தெரியும்படி வைத்தார்கள். ஆனால் வாத்து சுடும் 'டக் ஹன்ட்' இல்லை. (தவறவிட்டால் நாய் சிரிக்குமே, அதற்கே அழுத பிள்ளைகள் உண்டு!)

வைத்திருந்தாலும் பயனில்லை. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாயாது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் ஒரு கணம் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக்குள் இருக்கும் சென்சாரில் பட்டால் வாத்து விழும். பிக்சர் டியூப் டிவி உடனுக்குடன் வரையும். எல்சிடி துளி தாமதிக்கும், கணக்குத் தப்பிவிடும். பாதி ஆட்டம் டிவிக்குள்தான் இருந்திருக்கிறது. அதை எந்தப் புதுப் பெட்டிக்குள் அடைப்பது?

2006-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி பிக்சர் டியூப்தான். எடைக்குப் போடாமல் வைத்திருப்பவர்கள் யார் யார்?