மதுரையை எரித்தவள் ஒற்றியூருக்கு வந்த கதை

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர் நிலையத்தை அடுத்து தேரடி. அங்கிருந்து தியாகராஜர் கோயில் நடக்கும் தூரம்தான். பௌர்ணமிக் கூட்டம் வடிவுடையம்மனுக்கு. அதே வளாகத்தில் தனிச் சந்நிதியில் இருக்கிற வட்டப்பாறை அம்மனை யாரென்று கேட்டால், ஊர்க்காரர்கள் தயங்காமல் சொல்வார்கள்: கண்ணகி.

மதுரையை எரித்த ஆத்திரம் தணியாமல் வந்துகொண்டிருந்தாளாம். சிவனும் பார்வதியும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய் உருண்டு கிணற்றில் விழுந்தது. எடுத்துத் தருகிறேன் என்று அவள் இறங்க, சிவன் வட்டமான பாறையால் கிணற்றை மூடிவிட்டார். இது ஊர்க்கதை. சிலப்பதிகாரத்துக் கண்ணகி வடக்கே வரவேயில்லை. வைகைக் கரையோடு மேற்கே போய், சேர நாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நின்று வானேறினாள். இங்கே முன்பே ஓர் உக்கிரமான காளி இருந்திருப்பாள், கண்ணகியின் கதை பிறகு அவள்மேல் ஏறியிருக்கும் என்பது என் யூகம். எப்படியானாலும், வந்தவளை ஊர் சும்மா உட்கார வைக்கவில்லை. கம்பர் ராத்திரியில் ராமாயணம் எழுதியபோது பந்தம் பிடித்து நின்றது இவள்தான் என்பார்கள். நகரையே எரித்தவளுக்கு விளக்குப் பிடிக்கிற வேலை! விம்கோ என்ற தீப்பெட்டிக் கம்பெனி வந்து பக்கத்துப் பகுதிக்குத் தன் பெயரைக் கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே நெருப்புக்கு இங்கே ஆள் இருந்திருக்கிறது.

அயலூர்த் தெய்வத்தை வீட்டுக்குள் சேர்க்கும் இந்தச் சாமர்த்தியம் மிகப் பழையது. சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் எகிப்திய மன்னர்கள் கானான் நாட்டின்மேல் படையெடுத்தார்கள். கைதிகள், வணிகர்கள், குதிரைகள், தேர்கள் எல்லாம் எகிப்துக்கு வந்தன. கூடவே அனாத், அஸ்தார்த்தே என்ற இரண்டு போர்த் தெய்வங்களும் வந்தார்கள். தேர்க்குதிரையோடு வந்த அஸ்தார்த்தேக்குக் குதிரைகளைக் காக்கும் பொறுப்பு. இரண்டாம் ராம்சேஸ் தன் மகளுக்கு ‘அனாத்தின் மகள்’ என்று பொருள்படும் பிந்த்-அனாத் என்ற பெயரையே வைத்தான். ஆனால் வேலை கொடுத்தால் மட்டும் போதுமா, உறவு வேண்டாமா? ஹோரஸ், சேத் என்ற கடவுள்கள் அரியணைக்காக வழக்காடும் கதையில் இந்த இருவரும் சூரியக் கடவுள் ராவின் புதல்விகள் ஆகிவிடுகிறார்கள். சேத்துக்கு அவர்களை மணம் முடித்துக் கொடுக்கச் சொல்கிறாள் நெயித் என்ற மூத்த தேவி. சேத் யார்? பாலைக்கும் பிறதேசங்களுக்கும் உரிய முரட்டுக் கடவுள். அயலூர்ப் பெண்களுக்குப் பொருத்தம் பார்த்துத்தான் மாப்பிள்ளை பிடித்திருக்கிறார்கள்.

கண்ணகிக்கு ஒற்றியூரைவிடப் பெரிய இடம் இலங்கையில் கிடைத்தது. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு வந்திருந்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. அவன் ஊர் திரும்பி ஆடி மாதத்தில் விழா எடுத்தான் என்று அதன் உரைபெறு கட்டுரை கூறும். சிங்கள பௌத்தர்களிடம் அவள் பத்தினி தெய்யோ ஆனாள். பிறப்பே மாறிவிட்டது: பாண்டியன் தோட்டத்து மாங்கனியிலிருந்து பிறந்தவளாம். ஒருநாள் புத்தராகப் போகிறவள் என்ற தகுதியும் வந்து சேர்ந்தது. அம்மை போன்ற நோய்களைத் தணிப்பது அவள் பொறுப்பு. கண்டியில் தலதா மாளிகையை அடுத்து நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்ற வரிசையில் எசல பெரஹரா என்ற திருவிழாவில் அவள் ஊர்வலம் போகிறது. அந்த ஒரு பகுதியில் ஆடுவது பெண்கள்.

மட்டக்களப்புத் தமிழருக்கு அவள் கண்ணகை அம்மன். அங்கே வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரைத்த கதையைப் பாடி, கடைசியில் அவள் சூட்டைத் தணிக்கக் குளிர்த்தி செய்கிறார்கள். ஒற்றியூர் அதற்குக் கிணற்றையும் ஒரு பாறையையும் நம்பியது.