வண்டிகிட்ட வர முடியாதவங்க

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். "டேய், இவ பி.எஸ்.டபிள்யூ படிக்கப் போறாளாம். சோஷியல் ஒர்க். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு." ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல. பின்னாலிருந்து அத்தானின் குரல்: "நாலு பேருக்கு உதவி செய்யறதுக்கு எதுக்கு மாப்ளே டிகிரி? மனசு இருந்தா போதாதா?"

எங்கள் குடும்பத்தில் யார் எந்தக் காலேஜில் சேர்வதென்றாலும் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன் என்ற ஒரே தகுதி. அத்தானின் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன். அதற்குப் பதில் கிடைத்த இடம் 2015 டிசம்பரில், சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் ஒரு தெரு.

வெள்ளம் வடிய ஆரம்பித்த மூன்றாம் நாள். ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர், ஒரு மினி வேன், அதில் பிரெட், பால் பவுடர், பெட்ஷீட். எல்லாவற்றையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் பக்காவாகக் குறித்து வைத்திருந்தோம். வண்டியை நிறுத்தியதும் கூட்டம் மொய்த்தது. இருபது நிமிடத்தில் வேன் காலி. செல்ஃபிகூட எடுத்தாயிற்று. அப்போது கழுத்தில் காலேஜ் ஐடி கார்டோடு ஒரு பெண் வந்தாள். சோஷியல் ஒர்க் இரண்டாம் வருடமாம். "அண்ணா, இந்தத் தெருவுக்கு நீங்க அஞ்சாவது வண்டி. வண்டிகிட்ட வர முடியாதவங்களுக்கு எப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

எங்களிடம் பதில் இல்லை. அவள் கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி, யாருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது, யாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று அதில் இருந்தது. "எப்படித் தெரியும்?" என்றேன். "ஜூன்லேர்ந்து வாரம் ரெண்டு நாள் இங்கதான் ஃபீல்டு ஒர்க்ண்ணா" என்றாள். எங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் எத்தனை பாக்கெட் என்ற காலம் இருந்தது. யாருக்கு என்ற காலமே இல்லை. மனசு எங்கள் ஆறு பேருக்கும் நிறையவே இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், அதன் கதையும் கிட்டத்தட்ட எங்கள் வேன் கதையில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தர்மத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே வீட்டுக்கு நாலு சங்கங்கள் கொடுக்கும், அடுத்த சந்துக்கு யாருமே போக மாட்டார்கள். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1869-இல் அங்கே சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி தொடங்கியது. ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் போய் விசாரித்துப் பதிவு செய்வது அவர்கள் முறை. அதிலேயே ஒரு நஞ்சும் இருந்தது. உதவிக்குத் 'தகுதியான' ஏழை, 'தகுதியற்ற' ஏழை என்று பிரித்தார்கள். வசதியான வீட்டு மனிதர்கள் ஏழை வீட்டுக்குள் நுழைந்து மார்க் போட்டார்கள்.

இதற்கு மாற்றாக இன்னொரு வழி வந்தது. விசாரிக்கப் போகாதே, போய்க் குடியிரு என்பது அது. 1884-இல் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியார் கிழக்கு லண்டனில் டாயின்பி ஹால் தொடங்கினார். பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே தங்கினார்கள். அதை நேரில் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ், தன் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். அங்கே தங்கியவர்கள் வீடு வீடாகப் போய் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர், வாரக்கூலி எவ்வளவு என்று கேட்டு, தங்கள் பகுதிக்கு வரைபடமே போட்டார்கள். 1895-இல் அது புத்தகமாக வந்தது. ஒரு குடும்பத்தின் வறுமைக்குக் காரணம் அந்தக் குடும்பத்துக்குள் மட்டும் இல்லை, கூலியிலும் வாடகையிலும் சாக்கடையிலும் இருக்கிறது என்பதை அந்த வரைபடம் காட்டியது.

இதையெல்லாம் ஒரு படிப்பாக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மேரி ரிச்மண்ட். பாட்டியிடம் வளர்ந்தவர், கல்லூரிக்கே போகாதவர். பால்டிமோர் நகரத்தின் சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டியில் கணக்கு வழக்கு பார்க்கச் சேர்ந்து மேலே வந்தவர். இந்த வேலைக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897-இல் டொராண்டோ மாநாட்டில் பேசினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்கால வகுப்பு தொடங்கியது. இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அப்புறம்தான் நம் அத்தான் வருகிறார். 1915, பால்டிமோர் மாநாடு. அத்தானின் பெயர் அங்கே ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர். ஐந்து வருடம் முன்னால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி அறிக்கை எழுதி, பல கல்லூரிகள் மூடக் காரணமானவர். அவரை மேடையேற்றி, சமூகப்பணி ஒரு தொழிலா என்று கேட்டார்கள். பதில், இல்லை. நோய் என்றால் டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள், வழக்கு என்றால் வக்கீலைக் கூப்பிடுகிறீர்கள், நடுவில் நிற்கிறீர்களே தவிர உங்களுக்கென்று தனியாகக் கற்றுத்தரக்கூடிய நுட்பம் எங்கே என்பது அவர் வாதத்தின் சாரம்.

எங்கள் துறை பாஷையில் சொன்னால், நீங்கள் வெறும் மிடில்வேர் என்றார். மிடில்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனவருத்தம் உண்டு. அந்தப் பாட்டிக்கும் எங்கள் வேனுக்கும் நடுவில் இருந்தது ஐம்பது மீட்டர்தான். அந்த ஐம்பது மீட்டரைத் தெரிந்து வைத்திருந்தவள் ஒருத்திதான்.

ரிச்மண்ட் 1917-இல் 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற தடித்த புத்தகத்தை வெளியிட்டார். ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள யார் யாரிடம் கேட்க வேண்டும், நேரில் பார்த்ததற்கும் காதால் கேட்டதற்கும் என்ன வித்தியாசம், நம் முன்முடிவு எங்கே புகுந்து கெடுக்கும் என்றெல்லாம் அதில் வரிசைப்படுத்தினார். கற்றுத்தரக்கூடிய நுட்பம் எங்கே என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் அது. எனக்கு அது டீபக்கிங் கையேடு மாதிரி இருந்தது. எரர் எங்கே தெரிகிறதோ அங்கேயே தவறு இருக்கும் என்று நம்பாதே என்பதுதான் எங்களுக்கும் முதல் பாடம்.

இந்தியாவுக்கு இந்தப் படிப்பு வந்த வழியும் சுவாரசியமானது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1912-இல் வறுமையை ஆராயவும் சமூகப்பணி கற்பிக்கவும் தொடங்கிய துறைக்குப் பணம் கொடுத்தவர் பம்பாய்க்காரர், சர் ரத்தன் டாடா. அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் கிளமென்ட் ஆட்லி. டாயின்பி ஹாலில் செயலாளராக இருந்தவர், பின்னாளில் 1947-இல் இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டிஷ் பிரதமர்.

ரத்தனின் அண்ணன் தோராப்ஜி பெயரிலான அறக்கட்டளை 1936-இல் பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கியது. முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். நாக்பாடாவில் மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் நேபர்ஹுட் ஹவுஸ் நடத்தி வந்தவர். முதல் அணியில் 20 மாணவர்கள். அவருக்குப் பின் இயக்குநரானவர் ஜே.எம். குமரப்பா, நம் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். 1944-இல் அது டாடா சமூக அறிவியல் கழகம் ஆனது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். ரிச்மண்ட், மான்ஷார்ட், கிளப்வாலா மூவரும் ஏற்கெனவே பல வருடம் சேவையில் இருந்தவர்கள். மேரி கிளப்வாலா கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பை வளர்த்தவர். மனசு மட்டும் போதுமென்றால், முதலில் அவர்களுக்குத்தான் பள்ளி தேவைப்பட்டிருக்காது. களத்தில் இறங்கி வேலை பார்த்தவர்கள்தான் பள்ளி கட்டியிருக்கிறார்கள்.

அதனால்தான் இந்தப் படிப்பில் வகுப்பறைக்குச் சமமாக ஃபீல்டு ஒர்க் இருக்கிறது. ஆஸ்பத்திரியோ, குழந்தைகள் இல்லமோ, குடிசைப் பகுதியோ போய்விட்டு வந்து அறிக்கை எழுத வேண்டும். ஆசிரியர் உட்காரவைத்து, 'அந்த அம்மா பொய் சொல்றாங்கன்னு எழுதியிருக்கியே, எப்படித் தெரியும்?' என்று கேட்பார். லண்டன்காரர்கள் போட்ட மார்க் நம் கைக்கும் வந்துவிடாமல் தடுப்பது இந்தக் கேள்விதான். நம் ஊரில் அந்த மார்க் ஜாதியாகவும் வரும், இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

இதையெல்லாம் போனில் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. அக்கா மகளிடம் முதலில் கசப்பைத்தான் சொன்னேன். "பாப்பா, ஆரம்பச் சம்பளம் கம்மி. மூணு வருஷத்தோட நிக்காது, எம்.எஸ்.டபிள்யூ-வும் படிக்கணும். டாக்டருக்கு, வக்கீலுக்கு இருக்கற மாதிரி எல்லாருக்கும் பொதுவா ஒரு கவுன்சிலும் இல்ல. ஃப்ளெக்ஸ்னர் கேட்டதை இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருப்பாங்க."

"தெரியும் மாமா" என்றாள்.

பிறகு அத்தானிடம் அந்த வேன் கதையைச் சொன்னேன். இன்சுலின் வாங்க நாங்கள் கிண்டி வரைக்கும் ஓடியதையும், பாட்டி வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்ததையும். "அந்தப் புள்ள இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டார். தெரியாது. அந்தத் தெருவில் எல்லார் பெயரும் அவளுக்குத் தெரியும். அவள் பெயரை நான் கேட்கவே இல்லை.

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு வரும் மாப்ளே?" என்றார்.