காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள்

பேரிடர்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் காற்றின் வேகமாகவும் அலையின் உயரமாகவுமே படித்துவருகிறோம். இத்தனை கிலோமீட்டர் வேகம், இத்தனை அடி உயரம், இத்தனை ஆயிரம் பேர் பலி என எண்கள் வரிசையாக வரும். அந்த ஆயிரங்களுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் மட்டும் வரலாறு கொஞ்சம் தயங்கும். ஒரு குடும்பமோ ஊரோ ஆபத்துக்கு முன்பே ஆயத்தமாவது என்றால் என்ன, அந்த ஆயத்தத்தில் பெண்ணுக்கு என்ன இடம் இருந்தது என்ற கேள்விகளோடு வங்காள விரிகுடாவின் இரு கரைகளையும் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

'பேரிடர் முன்னேற்பாடு' என்ற தொடர் அரசுக் கோப்புகளில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பெண்கள் அதைச் செய்துவருகிறார்கள். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது, அடைமழைக்கு முன் விறகையும் வரட்டியையும் பரணில் ஏற்றுவது, விதையைச் சாம்பலில் புரட்டி அடைத்துவைப்பது, வற்றலும் கருவாடும் காயவைப்பது, கடுகு டப்பாவுக்குள் நாலு காசு சேர்ப்பது எல்லாம் நம் வீடுகளின் முன்னேற்பாடுகள். எதிர்க்கரையில், வங்கதேசத்துக் கடலோரப் பெண்கள் புயல் காலத்துக்கு முன் அவலும் பொரியும் வெல்லமும் சேர்த்துவைப்பார்கள். தூக்கிச் செல்லத் தோதான மண் அடுப்பு செய்துவைப்பார்கள். வெள்ளம் அடித்துப் போகாமலிருக்கச் சில பொருள்களை மண்ணில் புதைப்பார்கள். இவற்றுக்குச் சிக்கனம், வீட்டுவேலை, பெண்புத்தி என்றெல்லாம் பெயர் வந்தது. அறிவு என்ற பெயர் வரவில்லை. திட்டம் தீட்ட உட்கார்ந்தவர்கள் இந்தப் பெண்களை அழைத்துக் கேட்கவும் இல்லை.

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைப் போலா புயல் தாக்கியது. இறந்தவர்கள் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதன்பின் சோமர், மோஸ்லி என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் அந்தத் தீவுகளிலும் கரையோர ஊர்களிலும் கணக்கெடுத்தார்கள். 1972இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் இரண்டு செய்திகள் என்னை நிறுத்திவைத்தன. ஒன்று, பிழைத்தவர்களின் மார்பிலும் கைகால்களின் உட்புறத்திலும் இருந்த சிராய்ப்புக் காயங்கள். இரவெல்லாம் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கியதால் வந்தவை. மற்றொன்று, இளவயது, நடுவயது ஆண்களிடையேதான் சாவு குறைவு. குழந்தைகளும் முதியவர்களும் பெண்களுமே அதிகம் போனார்கள். மரத்தைப் பற்றிக்கொள்ளும் வலுவும் பழக்கமும் யாருக்கு இருந்ததோ அவர்கள் பிழைத்தார்கள். கையில் குழந்தையோடு இருப்பவள் எந்தக் கையால் மரத்தைப் பற்றுவாள்?

இந்தப் பேரழிவுக்குப் பின், சுதந்திர வங்கதேசத்தில் 1972இல் செஞ்சிலுவை அமைப்பு 'புயல் முன்னேற்பாட்டுத் திட்ட'த்தைத் தொடங்கியது; மறு ஆண்டு அரசும் சேர்ந்துகொண்டது. ஊர்தோறும் தன்னார்வலர்கள், கையால் சுழற்றும் சைரன், ஒலிபெருக்கி, ஆபத்தின் அளவைக் காட்ட ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகள். மனிதர்களும் மாடுகளும் ஏறி நிற்க மண்மேடுகள் எழுப்பப்பட்டன. ஏழை நாடு ஒன்று தன் மக்களையே காவலாக வைத்துக் கட்டிய அருமையான திட்டம் இது. ஆனால் தொடக்ககாலத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஆண்கள். செய்தி கடைத்தெருவில் ஆணிடமிருந்து ஆணுக்குப் போனது. எச்சரிக்கை எண்களோ துறைமுகங்களுக்காக, கப்பல்களை மனத்தில் வைத்து உருவானவை. நம் ஊரிலும் 'பத்தாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று வானொலி சொல்லும்போது, அடுப்படியில் இருப்பவளுக்கு அது என்ன செய்யச் சொல்கிறது? அடுப்பை அணைக்கச் சொல்கிறதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்கிறதா?

1991 ஏப்ரல் 29 அன்று அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அன்றைய புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுவரையுள்ள பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேரும், அதே வயது ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேரும் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அதே புயலைப் பற்றிய இன்னொரு ஆய்வில், செங்கல், கான்கிரீட் கட்டடங்களைச் சென்றடைந்தவர்கள் எல்லோரும் பிழைத்திருந்தார்கள். சென்றடையாதவர்களில் ஏறக்குறைய 22 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஆக, சாவுக்கும் வாழ்வுக்கும் இடையில் இருந்தது சில நூறு அடி நடை. அந்த நடையைப் பெண்கள் ஏன் நடக்கவில்லை?

ஆய்வாளர்கள் பதிவுசெய்த காரணங்களை அடுக்கினால் அது புயலின் கதையாக இல்லை. கணவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். ஆடுமாடுகளையும் பண்டபாத்திரங்களையும் விட்டுப்போனால் பழி வரும் என்று அஞ்சினார்கள். புகலிடத்தில் அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்து நிற்க வேண்டும், தனிக் கழிப்பறை கிடையாது என்று தயங்கினார்கள். ஓடியபோது சேலை காலைத் தடுக்கியது. நீளக் கூந்தல் முள்ளிலும் மரத்திலும் சிக்கியது. காற்று எல்லோர்மேலும் ஒன்றுபோலத்தான் வீசியது. அதன் முன் நின்றவர்களில் ஒரு சாரார் ஏற்கெனவே கட்டுண்டு நின்றார்கள்.

எதிர்க்கரையைப் பார்த்துப் பரிதாபப்பட நமக்குத் தகுதியில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக, 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நாகப்பட்டினத்தில் 2,406 பெண்கள், 1,883 ஆண்கள். கடலுக்குள் போயிருந்த ஆண்கள் பலர் தப்பினார்கள். ஆழத்தில் அந்த அலை படகைக் கவிழ்க்கும் அளவுக்கு எழவில்லை. மீன் வரும், வாங்கி விற்கலாம் என்று கரையில் காத்திருந்த பெண்களை அது வாரிக்கொண்டது. மீன்பிடித் தொழிலின் கணக்கில் படகும் வலையும் வரும். கூடையோடு கரையில் நிற்பவளின் உழைப்பு வராது. அதனால்தான் அவள் நிற்கும் இடம் எந்தப் பாதுகாப்புத் திட்டத்திலும் புள்ளியாகக்கூட இல்லை. இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் ஆண்பிள்ளைகளுக்கே கற்றுத்தரப்பட்டன என்பதையும் அதே அறிக்கை குறிப்பிட்டது.

அதே நாளில், புதுச்சேரியின் நல்லவாடு ஊரில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரில் வேலைபார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே வெளியேறியது. அந்த ஒலிபெருக்கி வானிலையும் மீன்விலையும் சொல்வதற்காக வைக்கப்பட்டது. தினமும் எல்லா வீட்டுக்கும் கேட்ட குரல் என்பதால் ஆபத்திலும் அதை நம்பினார்கள். செய்தி தேநீர்க் கடையோடு நிற்காமல் அடுப்படிவரை போனது என்பதுதான் இதில் நான் அடிக்கோடிடும் வரி.

என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பேன்: உங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? மாணவர்கள் பக்கம் பாதிக்கைகள் உயரும். மாணவிகள் பக்கம் ஒன்றோ இரண்டோ. ஒரு பெண் சொன்னாள்: "குளம் எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு மேடம். வயசுக்கு வந்த பிறகு எறங்க விடல." காலங்காலமாக இலக்கியத்தில் நீராடும் பெண்களைப் பாடிவைத்த மொழி நம்முடையது. ஆனால் நிஜக் குளத்தின் கரையில், பருவமெய்திய மகளை நிறுத்திவிடுகிறோம். நீச்சலை விளையாட்டு என்று நினைப்பதால்தான் அதைப் பெண்ணிடமிருந்து எளிதாகப் பறிக்க முடிகிறது.

இது மாறக்கூடியது என்பதற்கும் வங்கதேசமே சான்று. தன்னார்வலர் குழுக்களில் பெண்களைச் சேர்த்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்ணிடம் பெண்ணே பேசினாள். புகலிடங்களின் எண்ணிக்கை பெருகியது. புதியவற்றில் பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் வந்தன. 2007இல் சிட்ர் புயலில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் சுமார் 3,400 பேர். 1991இல் ஓர் ஆணுக்குப் பதினான்கு பெண்கள் என்று சொல்லப்பட்ட விகிதம், அப்போது ஐந்தாகக் குறைந்தது. ஐந்தும் அநீதிதான், ஆனாலும் இறங்கக்கூடிய எண் அது என்று தெரிந்துவிட்டது. இன்று 76,000 தன்னார்வலர்களில் பாதிப் பேர் பெண்கள்.

நம் வீடுகளுக்கு அரசும் ஊடகங்களும் தரும் பட்டியல் நமக்குத் தெரியும்: டார்ச் லைட், மெழுகுவத்தி, தீப்பெட்டி, குடிநீர், மருந்து, ரேஷன் அட்டை. அந்தப் பையைக் கட்டிவைப்பவள் பெரும்பாலும் பெண்தான். பட்டியலில் இல்லாத சிலவற்றை இந்த வரலாறு நம்மைச் சேர்க்கச் சொல்கிறது. எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்காமல் பிள்ளைகளோடு கிளம்ப உங்களுக்கு அனுமதி வேண்டியிருக்கிறதா? அதை மழைக்காலத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். புகலிடம் எது, அங்கே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பகலில் நாலு பெண்களாகப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கிராம சபையில் கேளுங்கள். பையில் மாதவிடாய்த் துணியோ நாப்கினோ இருக்கட்டும். உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம், பட்டா, ஆதார் நகல்கள் உங்கள் கையில் இருக்கட்டும். புயலுக்குப் பின் நிவாரணம் குடும்பத் தலைவர் பெயரில்தான் முதலில் எழுதப்படும். படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ கர்ப்பிணியையோ யார் தூக்குவது என்று மகளிர் குழுக் கூட்டத்தில் பெயர்சொல்லி முடிவுசெய்யுங்கள். மகளை நீந்தப் பழக்குங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு வாக்குவாதத்தைக் கிளப்பும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அந்த வாக்குவாதம் நடக்கட்டும்.