வாசல் வரை வரவேண்டிய சிகிச்சை: விருத்தாசலத்தில் இயன்முறை மருத்துவமும் சேரியின் உரிமையும்

பக்கவாதம் தாக்கிய ஒருவரின் உயிரை மருத்துவமனை காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறது. அவர் மீண்டும் எழுந்து நடப்பதும் தன் கையால் உண்பதும் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சையைப் பெரிதும் சார்ந்துள்ளன. இழந்த இயக்கத்தின் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மீள்கிறது. அக்காலத்தைத் தவறவிட்டால் மூட்டுகள் இறுகி, மீட்சி கடினமாகிறது.

செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் பகுதியில் இக்கேள்வி கூலியோடு பிணைந்தது. மண் பிசைதல், அச்சு வார்த்தல், சூளையில் பாரம் ஏற்றி இறக்குதல் ஆகிய அனைத்தும் முதுகையும் தோளையும் தேய்க்கும் வேலைகள். மணற்சத்து கலந்த நுண்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனினும், மூச்சுப் பயிற்சிகளை உள்ளடக்கிய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை மூச்சுத்திணறலைக் குறைக்க உதவும். செங்கல் சூளை, கட்டட வேலை, முந்திரித் தோப்பு, கரும்பு வயல் என்று உழைப்போரின் உடல்நிலையும் இதிலிருந்து வெகுவாக வேறுபட்டதல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. ஊரிலிருந்து விலக்கி அமைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து நடக்க இயலாத ஒருவரை வாரத்துக்கு மூன்று முறை நகரத்துக்கு அழைத்துச் செல்ல ஆட்டோ கட்டணம் வேண்டும். உடன் செல்பவரின் ஒரு நாள் கூலியும் போகும். சிகிச்சை இலவசமாக இருந்தும் அது பாதியில் நின்றுபோவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என நாம் கருதுகிறோம்.

பட்டியலில் பெயர்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தத் தடையை நீக்கும் நோக்குடையது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு, வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பயனாளிகளை இனங்காண்பவர் பெண் சுகாதாரத் தன்னார்வலர். அவர் வீடு வீடாகச் சென்று தயாரிக்கும் பட்டியலைக் கொண்டே வட்டார இயன்முறை மருத்துவரின் பயணம் திட்டமிடப்படுகிறது.

ஆகவே, பட்டியலில் இல்லாத நோயாளி திட்டத்துக்குப் புலப்படாதவர் ஆகிறார். கணக்கெடுப்பு ஊர்த்தெருவோடு நின்றுவிட்டால் சேரி முழுவதுமே விடுபட்டுப்போகும். குடும்பத்தினர் செய்யவேண்டியவை:

- மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டில் இயன்முறை சிகிச்சைக்கான பரிந்துரையை எழுதிப் பெறுதல்.
- அதன் நகலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்தல். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.
- அடுத்த வருகை எந்நாள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துவைத்தல்.
- கற்பித்த பயிற்சிகளை இரு வருகைகளுக்கு இடையே நாள்தோறும் செய்வித்தல். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு நழுவும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும்.

சட்டம் தரும் பிடிமானம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 25ஆம் பிரிவு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவம் தருமாறு அரசைப் பணிக்கிறது. 27ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவைகளைப் பற்றியது. மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவின்கீழ் குற்றம். ஆனால், தெருவுக்கு வராமலே விட்டுவிடுவதை இப்பிரிவின்கீழ் நிறுவுவது எளிதன்று. அங்கே ஆவணமே நமக்குத் துணை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். வட்டார இயன்முறை மருத்துவரின் கடந்த ஆறு மாதப் பயணத் திட்டம், குடியிருப்பு வாரியாகப் பதிவானோர் எண்ணிக்கை, ஒவ்வொரு குடியிருப்புக்கும் சென்ற நாள்கள் ஆகியவற்றைக் கேட்கவேண்டும். நோயாளிகளின் பெயர்களைக் கேட்கத் தேவையில்லை. 30 நாள்களுக்குள் விடை தரப்படவேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையிலான வேறுபாடு எண்களில் வெளிப்பட்டால், அதை மாவட்ட ஆட்சியரிடமும் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திடமும் முறையிடலாம்.

தொழிலாளரின் மற்றொரு வழி

பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தொழிற்கூடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு உரியவர்கள். வேலையிடத்தில் காயமுற்றால் சிகிச்சையோடு, தற்காலிக ஊனக்காலத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை வகித்தபோது, 1944-இல் அடார்க்கர் அளித்த அறிக்கையே இக்காப்பீட்டின் அடித்தளம். ஊதியப் பட்டியலில் பெயர் ஏறாத ஒப்பந்தக் கூலிகளுக்கு இவ்வுரிமை கைக்கெட்டாமல் போகிறது. சங்கங்கள் முதலில் கேட்கவேண்டியது காப்பீட்டு எண்ணையே.

நோயாளியின் பெயர் சுகாதார நிலையத்தின் பட்டியலிலும், தொழிலாளியின் பெயர் ஊதியப் பட்டியலிலும் இடம்பெறவேண்டும். ஒரு குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று இவ்விரண்டையும் சரிபார்க்க நான்கு மாணவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அப்பணியை விருத்தாசலத்தில் தொடங்குவோம்.