கொல்லைப்புறத்துக் கழுநீர்த்தொட்டி

தஞ்சை ஜில்லாவின் பழைய வீடுகளில், கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே நின்ற கழுநீர்த்தொட்டியில், அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் மீந்த பழையதும் நாள்தோறும் வந்து சேர்ந்து, அடியில் தங்கிய மண்டியின் பலத்தால் மறுநாளே நுரைத்துப் புளிக்கும். அதில் தவிட்டையும் ஊறிய பிண்ணாக்கையும் கரைத்து வைத்தால், பசு மூக்கு முழுகக் குடித்து, மூஞ்சியில் ஒட்டிய தவிட்டையும் நாவால் துழாவி எடுக்கும்.

அந்தக் கொட்டில்களில் வளர்ந்த, சேற்றுழவுக்குப் பேர்போன உம்பளச்சேரி மாட்டினத்தின் கன்று, பிறக்கையில் செந்நிறமாயிருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறம் கொள்ளும். பால் மறந்து தீனிக்குத் திரும்பும் வேளையும் ஏறக்குறைய அதுவே.

தொட்டியில் நிகழும் அந்தப் புளிப்பு ஜீவனுள்ள நுண்ணுயிர்களின் காரியமென்று 1857-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். இன்றோ, தாய்ப்பாலினின்று திடீரெனப் பிரிக்கப்பட்டுக் கழிச்சலால் வாடும் பன்றிக்குட்டிகளின் தீவனத்தில், அத்தகைய நுண்ணுயிர்களுள் ஒன்றான ஈஸ்ட்டைக் கலக்கிறார்கள். அதன் மேலுறையிலுள்ள மானான் என்னும் சர்க்கரைச் சங்கிலி, குடற்சுவரைப் பற்ற வரும் சில தீய கிருமிகளைத் தன்மேல் ஏந்திக்கொண்டு வெளியேறுகிறது. கழுநீரும் இதுவும் ஒன்றென்று நான் சாதிக்கமாட்டேன்; அளவறியாது புளித்த கழுநீர் மாட்டின் வயிற்றைக் கெடுப்பதும் உண்டு. ஆயினும், இரண்டும் ஒரே குடும்பத்து உறவினர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குக்கர் வந்தபின் கஞ்சி வடிப்பது நின்றது. உழவுமாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தது. தொட்டியில் இப்போது துளசி வளர்கிறது.